சித்தப்பா முடி வளர்த்த வருஷம்

என் சித்தப்பாவுக்குத் தம் முகத்தின் மேல் சந்தேகம் வந்தது இருபத்திரண்டாவது வயதில். அதுவரை அது ஏதோ பெருமாள் கொடுத்தது என்று கழுத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் போய்வந்துகொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தார். கெடுத்தது ஒரு வாரப் பத்திரிகை.

அந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு முறைப்படி வந்ததல்ல. சித்தப்பா திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா. முதலாளி படித்துத் தூக்கிப் போட்டதும் அது சித்தப்பாவின் பைக்குள் ஏறி, காவேரிப் பாலம் தாண்டி, சித்திரை வீதியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அப்பா பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருத வாத்தியார். கதைப் பத்திரிகை அவர் கண்ணில் பட்டால் ஒரு மணி நேர உபன்யாசம் கேட்க வேண்டிவரும். ஆகையால் அது நேரே இரண்டாங்கட்டுக்கு, அத்தையிடம் போய்விடும்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. கல்யாணமான மறு வருஷமே அத்திம்பேர் போய்விட, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. நான் பார்த்த அத்தை நார்மடிப் புடவையும் தலையை மூடிய முட்டாக்கும்தான். எங்கள் தெருவிலேயே தென்கலைக்காரர் வீடுகளில் புருஷனை இழந்தவர்களுக்கு முடி எடுக்கிற வழக்கம் இல்லை. எதிர்வீட்டு மாமி மாமா போன பிறகும் கொண்டை போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போய்வந்தாள். எங்கள் வடகலையில் அந்த வழக்கம் உண்டு. நாவிதர் மாதத்துக்கு இரண்டு தடவை கொல்லை வழியாக வந்து அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முன்மண்டை சிரைத்துவிட்டு, கிணற்றடி மறைவில் அத்தைக்கும் எடுத்துவிட்டுப் போவார். இது எனக்குக் காலையில் பால்காரர் வருவதைப் போல ஒரு சங்கதி. எனக்கு அப்போது எட்டு வயது.

பத்திரிகை வந்தால் தொடர்கதை அத்தைக்கு, படங்கள் எனக்கு, விளம்பரங்கள் சித்தப்பாவுக்கு. அந்தக் காலத்தில் பாதிப் பத்திரிகை விளம்பரம்தான். முகம் வெளுக்க ஒரு ஸ்நோ, முடி கறுக்க ஒரு தைலம், உடம்பு தேற ஒரு லேகியம். லேகியத்துக்கு இரண்டு படம் போட்டிருப்பார்கள். இடதுபக்கம் விலா எலும்பு தெரியும் ஒரு மனிதர், சாப்பிடுவதற்கு முன். வலதுபக்கம் அதே மனிதர் பத்தாயம் போன்ற மார்போடு, சாப்பிட்ட பின். சித்தப்பா வலதுபக்கத்து ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இடதுபக்கத்து ஆளிடமே திரும்பி வருவார்.

"அக்கா, இவன் என்னை மாதிரியே இல்லே?"

"உன்னை மாதிரி எங்கேடா? அவன் கொஞ்சம் சதைப்பிடிப்பா இருக்கானே" என்பாள் அத்தை, கதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லேகியம் வாங்க வசதியில்லை. ஸ்நோ ஒரு சின்ன டப்பா வந்தது. அதைப் பூசிக்கொண்டு சித்தப்பா கூடத்துக்கு வந்த முதல் நாள் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்னா, உங்க தம்பி மாவு மில்லுக்கா வேலைக்குப் போறார்?" என்று அப்பாவிடம் கேட்டாள். அதன் பிறகு ஸ்நோ பாலம் தாண்டிய பிறகே பூசப்பட்டது என்று கேள்வி.

இவையெல்லாம் விளையாட்டாகவே போயிருக்கும். நடுவில் லால்குடிப் பெண் ஒன்று வந்து சேர்ந்தது. எல்லோரும் பெண் பார்க்கப் போய் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்தோம். "குழந்தைக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகலே, கொஞ்ச நாள் ஆகட்டும்" என்று பிறகு சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா அதை அப்படியே நம்பினார். சித்தப்பா நம்பவில்லை. கடையில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கிராப்பு. "இந்தக் காலத்துப் பொண்ணு எவடா குடுமியைக் கட்டிப்பா? அவளும் சினிமா பார்க்கறாளோ இல்லையோ?" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

பேசும்படம் வந்து ஊரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த சமயம் அது. படத்தில் பாடி நடிக்கிற ராஜகுமாரர்கள் எல்லோருக்கும் முடி பின்னால் வாரிவிடப்பட்டுத் தோள்வரை வந்து சுருண்டு நிற்கும். அந்தப் படங்களும் பத்திரிகையில் வந்தன. திருச்சியில் ஜட்காக்காரன் முதல் வக்கீல் பிள்ளை வரை பிடரியில் சுருளோடு திரிந்தார்கள். சித்தப்பா கண்ணாடிக்கு முன்னால் குடுமியை அவிழ்த்துத் தோளில் விட்டுப் பார்த்தார். பின்னாலிருந்து பார்த்தால் சாட்சாத் ராஜகுமாரன். திரும்பினால் காதுக்குக் காது சிரைத்த முன்மண்டை, அதற்குக் கீழே பரிதாபமான ஒரு முகம்.

"பாதி தயாரா இருக்கு. முன்பாதி மட்டும் வளர்ந்துட்டா போறும்" என்றார் எங்களிடம். அந்த முன்பாதிதான் லால்குடிக்கும் தமக்கும் நடுவில் நிற்கிறது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். அதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் முன்பாதியை வளர்ப்பது எப்படி? குடுமி இல்லாதவன் கையால் தீர்த்தம்கூட வாங்கமாட்டார் அப்பா. கிராப்பு வைத்துக்கொண்ட மாமா பிள்ளையை வாசலோடு அனுப்பியவர். சித்தப்பாவுக்கு அப்பாவும் அவர்தான், அண்ணாவும் அவர்தான். எதிர்த்துப் பேசும் தைரியம் அவருக்குக் கிடையாது. தைரியம் இல்லாதவர்களுக்குப் பெருமாள் யுக்தியைக் கொடுப்பார் போலிருக்கிறது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் சித்தப்பா விஷ ஜுரத்தில் கிடந்து பிழைத்து எழுந்திருந்தார். நாடி பார்த்த வைத்தியர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன ஜுரம். அத்தைதான் இரவும் பகலும் கூட இருந்து கஞ்சி புகட்டி எழுப்பி உட்கார வைத்தாள். ஜுரம் விட்டுத் தலைக்கு ஜலம் விட்டுக்கொண்ட பின் முதல் தடவையாக நாவிதர் வந்தபோது, சித்தப்பா பலகையில் உட்காராமல் தூணோரம் நின்றார்.

"எனக்கு வேண்டாம். ஜுரத்துல திருப்பதிக்கு முடி வேண்டிண்டிருக்கேன்."

அப்பா பலகையிலிருந்து பாதிச் சிரைத்த தலையோடு திரும்பிப் பார்த்தார். அம்மா சமையல் உள்ளிலிருந்தே கையைக் கூப்பிவிட்டாள்.

"பெருமாள்கிட்ட பேரம் பேசப்படாதுடா" என்றார் அப்பா. "ஆனா நேர்ந்துண்டாச்சுன்னா நேர்ந்துண்டாச்சு. கத்தி படப்படாது."

நாவிதர் மட்டும் யோசித்தார். "வேண்டுதல்னா தாடியும் சேர்த்துல்ல வளப்பாங்க சாமி?"

"கடையில ஒத்துக்கமாட்டா. தலைக்கு மட்டும்தான் வேண்டிண்டேன்" என்றார் சித்தப்பா. மோவாயை மட்டும் மழுமழுவென்று சிரைத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. முன்மண்டை முடி முதலில் அறுத்த வயல் மாதிரி குத்திக்கொண்டு நின்றது. பிறகு நெற்றியில் விழுந்தது. பிறகு காதை மூடியது. சித்தப்பா கண்ணாடியில் பார்த்துக் கலங்குவார். வெளியே போனாலோ ஏகப்பட்ட மரியாதை. கோயிலில் பிரபந்தம் சொல்லச் சேவாகாலத்துக்கு வருகிற பெரியவர்கள் அவரை நிறுத்தி, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியா! கிராப்புக் கண்ணராவிக்கு நடுவுல நீ ஒருத்தன்டா" என்று முதுகைத் தட்டுவார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் பக்தனின் லட்சணம் சொல்லும்போது தம் தம்பியையே உதாரணம் காட்டினார் என்று அவரிடம் படித்த பையன்கள் வந்து சொன்னார்கள். சித்தப்பா இதையெல்லாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். அது அடக்கம் என்று பெயர் வாங்கியது.

உண்மை தெரிந்தது அத்தைக்கும் எனக்கும்தான். சாயங்காலம் அத்தை எனக்குப் பின்னி முடித்ததும் சித்தப்பா அதே மணையில் வந்து உட்காருவார். பத்திரிகையிலிருந்து கத்தரித்த ராஜகுமாரன் படத்தை எதிரே வைத்து, நல்லெண்ணெய் தொட்டு, மயிர்க்காலுக்கு வலிக்காமல் அத்தை வாரிவிடுவாள். எனக்கு அவசர அவசரமாகப் பின்னிவிடுகிறவள் அவருக்கு மட்டும் அவ்வளவு நேரம் செலவழிப்பாள். எனக்கு அதில் பொறாமை இருந்தது. ஒரு நாள் முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, "இப்போ வந்துடுத்துடா" என்றாள். நிஜமாகவே வந்திருந்தது. எங்கள் ஒல்லிச் சித்தப்பா பிடரியில் சுருளோடு, யாரோ போல இருந்தார்.

அப்பா ஊரில் இல்லாத நாளில் சித்தப்பா என்னையும் அழைத்துக்கொண்டு தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டார். பின்னால் மலையும் அருவியும் வரைந்த திரை. "சிரிக்காதீங்க சார், ஆனா சிரிச்சாப்ல இருங்க" என்று போட்டோக்காரர் சொன்னதைச் சித்தப்பா கச்சிதமாகச் செய்தார். படம் அம்மா மூலமாக ரகசியமாய் லால்குடிக்குப் போயிற்று. சில நாட்களில் பெண்ணின் தகப்பனாரே நேரில் வந்துவிட்டார். குழந்தைக்கு விளையாட்டுப் புத்தி போய்விட்டதாம். ஐப்பசியில் நிச்சயம் பண்ணிக்கொள்ளலாமாம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அன்றைக்குத்தான். லால்குடிக்காரரை வழியனுப்பிவிட்டு வந்த அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து சொன்னார்:

"வேண்டுதலைப் பாக்கி வெச்சுண்டு சுபகாரியம் பண்ணப்படாது. புரட்டாசி சனிக்கிழமை குணசீலம் போயிடுவோம். அங்கேயே முடி இறக்கிடலாம்."

சித்தப்பாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலை. "திருப்பதின்னுதானே அண்ணா நேர்ந்துண்டேன்…" என்று இழுத்தார். திருப்பதி தூரம், செலவு, ஐந்தாறு வருஷம் தள்ளிப் போடலாம் என்பது அவர் போட்டிருந்த கணக்கு. குணசீலமோ கொள்ளிடம் தாண்டி மேற்கே வண்டி கட்டினால் வந்துவிடும்.

"திருப்பதிக்கு நேர்ந்ததை குணசீலத்துல செலுத்தலாம்னு தெரியாதா நோக்கு? ரெண்டும் அவர்தாண்டா."

அன்று சாயங்காலம் சித்தப்பா மணையில் வந்து உட்கார்ந்தார். வாரிக்கொள்ளவில்லை. அழுதார். இருபத்திரண்டு தாண்டிய மனிதர் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மொட்டையோட போய் நின்னா, போட்டோல இருந்தவன் எங்கேம்பா. அதுகூடப் போறது, அக்கா. இந்த ஒரு வருஷமாத்தான் கண்ணாடியில என்னைப் பார்க்க எனக்கே பிடிச்சிருக்கு."

அத்தை சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "நிஜத்தைச் சொல்லிடேன் அண்ணாகிட்ட" என்றாள்.

"பெருமாள் பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன்னு தெரிஞ்சா அண்ணா என்னை மன்னிப்பாரா? வேண்டாம்கா. போகட்டும். முடிதானே."

முடிதானே என்று அவர் சொன்னதும் அத்தை முகம் என்னவோ மாதிரி ஆயிற்று. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் காலை அப்பா வண்டிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் யார் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று கூடத்து ஊஞ்சலில் இருந்தபடி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். சமையல் உள் நிலைப்படியில் அத்தை வந்து நின்றாள். அப்பாவுக்கு நேரே நின்று அவள் பேசி நான் கேட்டதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள்.

"அண்ணா, வேண்டிண்டது அவன் இல்லே. நான்."

"நீயா?"

"ஜுரத்துல அவனுக்கு ஸ்மரணையே இல்லே. கூட இருந்தது நான்தானே. வைத்தியர் கைய விரிச்சுட்டுப் போனப்புறம் பெருமாளுக்கு எதையாவது தரேன்னு சொல்லணும்னு தோணித்து. யோசிச்சுப் பார்த்தேன். தரதுக்கு எங்கிட்ட என்ன அண்ணா இருக்கு? ஒரு பிடி முடி இருந்தாலாவது அதைத் தரேன்னு சொல்லியிருப்பேன்."

அப்பா ஊஞ்சல் ஆடுவதைக் காலால் நிறுத்தினார்.

"அதனால, 'இவனை எழுப்பிக் குடுத்துடு, இந்த ஆத்துல இன்னொரு தலையில கத்தி படாம நான் பார்த்துக்கறேன்'னு சொன்னேன். எடுக்கறதுக்கு நேர்ந்துக்கலே. வளர்க்கறதுக்குத்தான் நேர்ந்துண்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியாம மாத்திச் சொல்லிட்டான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முடியே இல்லாத அத்தை முடி வளர்க்க நேர்ந்துகொள்வதாவது! அதுவும் பொய் என்று எனக்கல்லவா தெரியும்? சிரித்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா, எதற்கும் ஒரு சுலோகம் கையில் வைத்திருக்கிற அப்பா, ஊஞ்சலை விட்டு எழுந்தார். பூஜை உள்ளுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்துக்கு நேரமானதுகூட அவருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தவர் அத்தையைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "வண்டி வரட்டும். பூமுடி குடுத்தா போறும்."

பூமுடி என்பது பெண்கள் செலுத்துவது. முழுத் தலையையும் கொடுக்காமல் நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். குணசீலத்தில் அன்று நல்ல கூட்டம். குழந்தை முதல் கிழவர் வரை வரிசையாக மொட்டை. எங்கள் சித்தப்பா மட்டும் நாலைந்து பெண்களுக்கு நடுவில் கூசிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நிலையிலும், "முன்னால தொடாதேப்பா, பின்னாலேந்து எடு" என்று கத்தரிக்கோல்காரரிடம் அவர் கெஞ்சியதை நான் கேட்டேன்.

திரும்பும்போது வண்டியில் நான் அத்தை பக்கத்தில். அப்பா முன்னால், வண்டிக்காரருக்கு அருகில். வழியெல்லாம் சந்தனம் பூசிய மொட்டைகள் நடந்து வந்துகொண்டிருந்தன. எனக்கு அன்றுதான் ஒரு விஷயம் தெளிந்ததாகத் தோன்றியது.

"அத்தை, நீ எதுக்கு வேண்டிண்டே?" என்று கேட்டேன். "எல்லாரும் ஒரு தடவைதானே குடுக்கறா. நீ மட்டும் குடுத்துண்டே இருக்கியே, உன் வேண்டுதல் எப்போ முடியும்?"

"வெயில் அடிக்கறது பாரு, உள்ளே தள்ளி உட்காரு" என்றாள் அத்தை. அப்பா திரும்பவில்லை. வண்டிக்காரர் மாட்டை அதட்டினார்.

சித்தப்பாவின் கல்யாணம் தை மாதம் லால்குடியில் நடந்தது. மாப்பிள்ளை அழைப்பில் அவருடைய பிடரிச் சுருளை ஊரே பார்த்தது. சித்தி வந்து பழகிய பிறகு, போட்டோவைப் பார்த்துத்தானே சரி என்றாய் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "அந்தப் போட்டோவா? யாரோ நாடகக்காரன்னு நினைச்சேன். மாமியார் பிடுங்கல் இல்லாத ஆம்னு அம்மா சொன்னா, சரின்னேன்" என்றாள். இதைச் சித்தப்பாவிடம் நாங்கள் யாரும் சொன்னதில்லை. பாவம், அவர் கடைசிவரை அந்த முடியை நம்பிச் சந்தோஷமாக வாழ்ந்தார்.

நான் சொல்ல வந்தது அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் நடந்ததை. குணசீலம் போய்வந்த பிறகு நாவிதர் வருகிற நாள் வந்தது. அத்தை வழக்கம்போலக் காரியங்களை முடித்துவிட்டுக் கிணற்றடி மறைவில் போய் உட்கார்ந்தாள். அப்பா முகக்ஷவரம் செய்துகொண்டு எழுந்தார். வழக்கமாக உடனே குளிக்கப் போய்விடுகிறவர் அன்று போகவில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் திரும்பிய நாவிதரை வழிமறித்து நின்றார்.

"எனக்கு ஆச்சோல்லியோ, நீ கிளம்பு. அவளுக்கு வேண்டாம்."

"ஏன் சாமி, அம்மாவுக்கு உடம்பு சுகமில்லீங்களா?"

"வேண்டாம்னா வேண்டாம்ப்பா."

நாவிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாகப் போனார். அப்பா அங்கே திரும்பியும் பார்க்காமல் குளிக்கப் போனார். நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அத்தை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. முட்டாக்கை முகத்தோடு அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். எனக்குத் துக்கம் தாங்கவில்லை. காத்துக்கொண்டிருந்தவளை இப்படி ஏமாற்றிவிட்டாரே என்று அப்பா மேல் கோபமாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாதே அத்தை. அடுத்த தடவை வரச்சே கட்டாயம் எடுத்துடுவார்."

அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முன்னைவிட அதிகமாக அழுதாள். நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.